போறணைக் கதவு

ஒரு விடுகதை போடட்டுமா தம்பி? பாண் இறக்க இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. அந்த வாங்குப் பலகையில் இருங்கள். சாக்கைத் தள்ளிவிட்டு இருங்கள், காற்சட்டையில் மா ஒட்டும்.

வாய் ஒன்று, பல் இல்லை. ஊரே வந்து ஊட்டும், ஒன்றையும் விழுங்காது. வாங்கினதையெல்லாம் திருப்பிக் கொடுக்கும், ஆனால் வாங்கினபடி கொடுக்காது. அது என்ன?

கடலா? கடல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கும் என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். தபால்பெட்டியா? அதுவும் இல்லை. திரும்பிப் பாருங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. போறணை. பாண் சுடுகிற போறணை.

என் மகள் போட்ட விடுகதை. நிரோமி. ஏழு வயதில் போட்டாள். ‘பல் இல்லை’ என்பதை ‘நாக்கு இல்லை’ என்று மாற்றச் சொன்னேன், அதுதான் பொருந்தும் என்று. “நெருப்புக்கு நாக்கு இருக்கப்பா” என்றாள். விட்டுவிட்டேன். பிழை ஒன்று கண்ணில் பட்டால் திருத்தாமல் விடுகிற ஆள் இல்லை நான். ஆனால் பிள்ளை சொன்னது சரியாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். அதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேக் கேட்டீர்கள். கேக் இல்லை. பாலன் யேசு பிறந்த நத்தார் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது, ஒரு துண்டு கூடவா இல்லை என்று பார்க்கிறீர்கள். இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீங்கள் வெளியூர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. இங்கே ஒரு வழக்கம். நத்தாருக்கு ஒவ்வொரு வீட்டிலும் மாஜரின், சீனி, முட்டை எல்லாம் அடித்து, தட்டில் ஊற்றி, துணியால் மூடி, இங்கே கொண்டுவருவார்கள். காலையில் பாண் போட்டு இறக்கின பிறகு போறணையில் ஒரு சூடு நிற்கும். கோபம் அடங்கின சூடு. அந்தச் சூட்டில் நான் அவர்களுடைய கேக்கை வேகவைத்துக் கொடுப்பேன். இப்போது சில வீட்டில் கரண்டில் வேலை செய்கிற அடுப்பு இருக்கிறது. அவர்களும் இங்கேதான் வருவார்கள். இந்தச் செங்கல் கொடுக்கிற வாசம் அந்தப் பெட்டி கொடுக்காது.

தட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பேர் எழுதிக் கடதாசி வைத்தால் எரிந்துபோகும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இரும்பு அடையாளம். செல்வராணி ரீச்சருக்கு உடைந்த கரண்டி. மடுத்தீனாள் அக்காவுக்குப் பூட்டுத் தொலைந்த சாவி. சவிரியம்மாவுக்கு ஒரு லாடம். எல்லாம் பிஸ்கற் டின்னுக்குள் என்னிடம் இருக்கும். தட்டு வந்ததும் அதன் காதில் கம்பியால் கட்டவேண்டியது, வெந்து வந்ததும் அவிழ்த்துவிட்டுத் தட்டைக் கொடுக்கவேண்டியது. நிரோமிக்கு ஐந்து வயதிலேயே எல்லா அடையாளமும் மனப்பாடம்.

யார் எத்தனை முட்டை போட்டார்கள் என்று தட்டைத் தூக்கின கையிலேயே எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். மடுத்தீனாள் அக்கா பத்துப் போடுகிற இடத்தில் ஆறுதான் போடுவா. அதைக்கூட இதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் இருக்கிறது தம்பி. கேக்கை உள்ளே வைத்து இரும்புக் கதவைச் சாத்தினால் அரை மணித்தியாலத்துக்குத் திறக்கக் கூடாது. என்ன நடந்தாலும் திறக்கக் கூடாது. எழும்பிக்கொண்டிருக்கிற கேக்கில் குளிர்காற்றுப் பட்டால் நடு இறங்கிவிடும். இறங்கினது பிறகு எழும்பாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்தச் சட்டம். எனக்கும் அது தெரியும். நன்றாகவே தெரியும்.

என் பெண்சாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

ஜெசிந்தா. வவுனியாவில் தமையன் வீட்டில் இருக்கிறாள். போய் இரண்டு வருசம். ஏன் போனாள் என்று கேளுங்கள். நான் அடிக்கிறவனா? குடிக்கிறவனா? வெளியே போய் யாரிடமும் விசாரியுங்கள், இந்தக் கபிரியேல் ஒரு சிகரெட் பற்றவைத்ததைப் பார்த்தவன் இந்த ஊரில் இல்லை. அவள் போனது பணிஸுக்காக. ஓம், பணிஸுக்காக. சிரிக்காதீர்கள்.

கோயில் திருநாளுக்கு முந்நூறு இனிப்புப் பணிஸ் கேட்டிருந்தார்கள். பூசை முடிந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்த வேகத்தில் எல்லாப் பிள்ளைகளும் துப்புகிறார்கள். பங்குத்தந்தை ஃபாதர் லூயிஸ் ஒரு கடி கடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். சீனி போடுகிற இடத்தில் உப்பு. சனம் முழுக்க என்னைப் பார்க்கிறது. நான் சொன்னேன், “ஜெசிந்தா போட்டிருப்பாள்.” போட்டிருப்பாள் என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். போட்டாள் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அன்றைக்கு அவள் காய்ச்சலில் படுத்திருந்தாளாம். பிறகு நாலு பேர் வந்து சொன்னார்கள். காய்ச்சல் என்றால் ஒருவர் எழும்பி நடக்கவே மாட்டாரா? உப்புப் போட்டது யார் என்பதா இப்போது முக்கியம்? அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு பெட்டியைக் கட்டினாள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்து வருசக் குடும்பத்தை ஒரு பேணி உப்புக்காக விடுகிறவளை என்ன சொல்வது?

அதற்குப் பிறகு பிள்ளை பந்து மாதிரி. வவுனியாவில் இரண்டு தவணை, இங்கே ஒரு தவணை, திரும்ப வவுனியா. வருகிற ஜனவரியில் அவளுக்கு ஐந்தாம் ஆண்டு வகுப்பு. புலமைப்பரிசில் சோதனை. இனி அங்கேயும் இங்கேயும் இழுத்தால் பிள்ளை படிக்காது என்று இரண்டு பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். ஃபாதர் லூயிஸ் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நத்தார் அன்று காலைப் பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், பிள்ளையையே கேட்போம், பிள்ளை எங்கே இருக்கிறேன் என்று சொல்கிறாளோ அங்கே இருக்கட்டும், அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது என்றார். நானும் தலையாட்டினேன். ஜெசிந்தாவும் தலையாட்டினாள்.

அதற்கு முந்தின மூன்று நாள் பிள்ளை என்னோடு இருக்கலாம் என்று ஒப்பந்தம். மூன்று நாள். அந்த மூன்று நாளில் ஒரு தகப்பன் என்ன செய்யலாம்? மற்றவன் என்றால் பொம்மை வாங்கிக் கொடுப்பான். சட்டை வாங்கிக் கொடுப்பான். நான் என் கையால் ஒன்று செய்து கொடுக்க நினைத்தேன். ரிப்பன் கேக்.

ரிப்பன் கேக் தெரியும்தானே? மூன்று அடுக்கு. ரோசா, பச்சை, மஞ்சள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுட்டு, நடுவில் பட்டர் ஐசிங் பூசி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வெளியேயும் பூசி மூடிவிடவேண்டும். வெளியே பார்த்தால் வெள்ளை. வெட்டினால்தான் உள்ளே இருக்கிற நிறம் தெரியும். அடுக்கெல்லாம் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒன்று தடித்தாலும் பார்க்கச் சகிக்காது. நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் திகதி மத்தியானம் பஸ்ஸில் வந்தாள். வளர்ந்திருந்தாள். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை, நேரே இங்கே வந்து பிஸ்கற் டின்னை இறக்கி அடையாளமெல்லாம் இருக்கிறதா என்று எண்ணினாள். “அப்பா, லாடம் துருப்பிடிச்சிட்டுது” என்றாள். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது தம்பி. இவள் இங்கேதான் இருக்கப் போகிறாள் என்று அப்போதே நினைத்தேன்.

அடுத்த நாள் காலை இரண்டு பேரும் கேக்குக்கு அடித்தோம். மாவைத் தராசில் வைத்து மூன்றாகப் பிரித்தேன். அவள் கலறிங் விட ஆசைப்பட்டாள். விட்டேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் விட்டேன், இரண்டு சொட்டுக்கு மேல் போனால் ரோசா செங்கல் நிறமாகிவிடும்.

“அப்பா, கையை விடுங்கோ. நான் எண்ணித்தானே விடுறன்.”

“எண்ணு. நான் பிடிச்சிருக்கிறன். இரண்டும் நடக்கட்டும்.”

இரண்டே சொட்டுத்தான் விட்டாள். சிரித்த மாதிரித்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் ஊருடைய தட்டுகளும் வருகிற நாள். பத்து மணிக்குள் பதினாலு தட்டு வந்துவிட்டது. முன்பக்கத்தில் பெண்கள் வாங்கில் இருந்து கதைக்கிறார்கள். யார் வீட்டு மகன் கனடாவிலிருந்து வந்திருக்கிறான், யார் வீட்டுப் பாலன் குடில் பெரிது, அந்தக் கதை. நிரோமி ஒவ்வொரு தட்டிலும் அடையாளம் கட்டுகிறாள். நான் தணலை இழுத்து வெளியே எடுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, ஒரு பிடி மாவைத் தூவிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் பொன்னிறம். அந்தச் சூடு இருக்கிறதே, வருசத்தில் நாலு தடவைதான் அப்படி அமையும். எல்லாப் பக்கமும் ஒரே சூடு.

அப்போது நினைத்தேன், இந்தச் சூட்டிலேயே என் மூன்று தட்டையும் வைத்துவிட வேண்டும். அடுத்த தடவை இந்தச் சூடு நிற்காது. ஒரு அடுக்கு உயரும், ஒன்று உயராது.

நிரோமி பின்னால் நின்று சொன்னாள், “அப்பா, எங்கட தட்டு மெல்லிசு. ஆக்களின்ர தடிப்பு. எங்கட முதல்ல வெந்திடும். பிறகு வைப்பமே?”

“இப்ப நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?”

“இல்லை. கதவு திறக்க வேண்டி வருமே எண்டு சொன்னன்.”

“கதவை எப்ப திறக்கிறதெண்டு எனக்குத் தெரியும்.”

பதினாலு தட்டையும் உள்ளே தள்ளி, எங்களுடைய மூன்றையும் வாசலோரம் வைத்துச் சாத்தினேன்.

நான் யோசித்தது என்னவென்றால், செங்கல் இந்தச் சூட்டில் நிற்கும்போது ஒரு நிமிடம் திறந்து மூடினால் ஒன்றும் ஆகாது. வேறு நாளில் ஆகாது. அன்றைக்கு வாடைக்காற்று. பின்கதவு வேறு திறந்திருந்தது. அதை யார் திறந்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான்தான் தணல் கொட்டப் போனேன் என்றாலும், மூடிவிட்டு வந்த மாதிரித்தான் ஞாபகம்.

பதினைந்து நிமிடம். எனக்கு ரோசா கருகுகிற வாசம் வந்தது. நிரோமி மணிக்கூட்டைப் பார்த்தாள். “இன்னும் பாதி நேரம் கிடக்கு அப்பா” என்றாள். கதவைத் திறந்தேன். காற்று என் முதுகில் அடித்துக்கொண்டு உள்ளே போனது, சத்தமே கேட்டது. மூன்று தட்டையும் இழுத்து எடுத்துவிட்டுச் சாத்தினேன்.

என் தட்டு மூன்றும் எப்படி இருந்தன தெரியுமா? கண்ணாடி மாதிரி. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. ரோசா ரோசாவாகவே இருந்தது. நான் இருபத்தாறு வருசமாக இந்த வேலை செய்கிறேன், அப்படி மூன்று அடுக்கு என் கையில் வந்ததே இல்லை.

மற்றப் பதினாலும் இறங்கிவிட்டது.

அரை மணித்தியாலம் முடிந்து கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இழுக்கிறேன், ஒவ்வொன்றும் நடுவில் குழி. சின்னக் குழி இல்லை. ஒரு கோப்பையை வைத்து அமுக்கின மாதிரி. ஊர் முழுக்கச் சேர்த்துவைத்த முட்டையும் மாஜரினும். நாளைக்கு மறுநாள் நத்தார். கடையில் இனி மாஜரின்கூட இல்லை.

முதலில் செல்வராணி ரீச்சர்தான் எட்டிப் பார்த்தா. “கபிரியேல், என்ன இது? நடுவில கிணறு வெட்டி வைச்சிருக்கு!”

பிறகு எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். மடுத்தீனாள் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறா. யாரோ ஒருத்தி, “ஆர் கதவைத் திறந்தது?” என்று கேட்டாள். ரீச்சருடைய கண் மேசையில் இருக்கிற என் மூன்று தட்டுக்கும் போகிறது. ரோசா, பச்சை, மஞ்சள். மூன்றும் மட்டமாக.

தம்பி, நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். நான் ஊருக்குப் பாண் போடுகிறவன். கபிரியேல் தன் கேக்குக்காக ஊருடைய கேக்கைக் கெடுத்தான் என்று ஒரு சொல் வந்தால் அது என் சாவு வரைக்கும் நிற்கும். அதே நேரம் ஒரு சின்னப் பிள்ளை என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? பிள்ளையை யாரும் கோபிக்க மாட்டார்கள். இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். அது புத்திதானே? ஒருவருக்கும் நட்டமில்லாத புத்தி.

“பிள்ளை தெரியாமத் திறந்துபோட்டாள்” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வசனம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னேன்.

நான் நினைத்தபடியே நடந்தது. “ஐயோ, பிள்ளைதானே, விடுங்கோ” என்றார்கள். சவிரியம்மா பகிடிக்காரி, “இந்தக் குழிக்குள்ள பாலன் யேசுவைப் படுக்க வைச்சாச் சரி, குடில் கட்டத் தேவையில்லை” என்றா. ஒரு சிலர் சிரித்தார்கள். மடுத்தீனாள் அக்கா மட்டும், “உனக்குக் கை சும்மா இராதோ மோனை?” என்று கேட்டா. ஆறு முட்டை போட்டுவிட்டு அந்தக் கேள்வி.

நிரோமி அங்கேயே நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கம்பியை அவிழ்க்கத் தொடங்கினாள். ஒவ்வொரு தட்டாக அடையாளத்தை அவிழ்த்து டின்னுக்குள் போட்டுவிட்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அந்த அந்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். பதினாலு தட்டையும் அவளே கொடுத்தாள். ஒரு தட்டும் மாறிப் போகவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நல்ல பிள்ளை என்று நினைத்தேன். விளங்கிக்கொண்டாள், அப்பாவுடைய மரியாதையைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன்.

எல்லாரும் போன பிறகு அவளிடம் சொன்னேன், “ஒண்டும் யோசியாதை. உன்னை ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

“ஓம்” என்றாள்.

“வா, ஐசிங் அடிப்பம்.”

“நீங்கள் அடியுங்கோ. நான் தட்டுகளைக் கழுவுறன்.”

பின்னேரம் அவள் பால் வாங்கப் போனாள். தெருவில் நாலு வாண்டுகள் ‘குழிக் கேக்கு, குழிக் கேக்கு’ என்று பின்னால் கத்திக்கொண்டு வந்தார்களாம். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, பால்காரர் சொன்னார். பிள்ளைகள் என்றால் அப்படித்தான். என்னைச் சின்ன வயதில் ‘அப்பச்சட்டி’ என்று கூப்பிட்டார்கள். நான் செத்தா போய்விட்டேன்?

அடுத்த நாள் காலை ஜெசிந்தா வந்தாள். பஸ்ஸால் இறங்கி வருகிற வழியிலேயே அவளுக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். வாசலில் பையை வைக்கவில்லை, தோளில் தொங்குகிறது. நான் கேக்கின் மேல் ஐசிங்கால் பூப் போட்டுக்கொண்டிருந்தேன். கை ஆடக்கூடாத வேலை.

“ஆர் திறந்தது?” என்றாள்.

“எல்லாரும் உனக்குச் சொல்லியிருப்பினமே.”

“பிள்ளை திறந்ததாம். அண்டைக்கு உப்புப் போட்டதும் நானாம். இந்த வீட்டில ஒண்டும் நீங்கள் செய்யிறேல்லை, என்ன? பாண் மட்டும்தான் நீங்கள் போடுறது.”

நான் தலையைத் தூக்கவில்லை. பூ கலைந்துவிடும்.

அவள் நிரோமியைப் பிடித்தாள். “சொல்லு. நீயோ திறந்தனி?”

பிள்ளை அவளுடைய தோளிலிருந்து பையை வாங்கப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும் நீ திறக்கேல்லை. செருப்பைப் போடு. முதல்ல ரீச்சர் வீடு. பிறகு மடுத்தீனாள் அக்கா வீடு. பதினாலு வீட்டுக்கும் போறம். ‘நான் திறக்கேல்லை, அப்பாதான் திறந்தவர்’ எண்டு உன்ர வாயால சொல்லு. இண்டைக்கு இந்த ஊர் கேக்கட்டும்.”

“வேண்டாம் அம்மா.”

“ஏன் வேண்டாம்? பயமோ? இந்த ஆளுக்குப் பயமெண்டா எனக்குச் சொல்லு.”

“பயமில்லை. வேண்டாம்.”

“அப்ப காலம் முழுக்க நீ திறந்ததெண்டே இருக்கட்டுமோ? என்னை மாதிரி நீயும் வாயை மூடிக்கொண்டு இருக்கப் போறியோ? சொல்லடி! வாய் இல்லையோ உனக்கு?”

தோளைப் பிடித்து உலுக்கினாள் தம்பி. என் கண் முன்னாலேயே உலுக்கினாள். செருப்பு ஒன்றைக் காலில் மாட்டிவிட்டு வாசல் வரைக்கும் இழுத்தாள். பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தெருவில் சனம் நின்று பார்க்கிறது. கடைசியில் ஜெசிந்தா விட்டுவிட்டாள். “நீயும் அவரின்ர பக்கம்தான்” என்று சொல்லி, அந்த வாசற்படியிலேயே இருந்து அழுதாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோசம். பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இழுத்தும் கொடுக்கவில்லை. தாயே சொல்லிவிட்டாள், நீ அவர் பக்கம் என்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நிரோமி நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மற்றச் செருப்பைத் தேடி எடுத்து, இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தாள். தாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், கேக்கில் படாமல், தள்ளி.

நத்தார் அன்று பூசை முடிந்து ஃபாதர் லூயிஸ் சொன்னபடி வந்தார். ஜெசிந்தா ஒரு கதிரையில், நான் ஒரு கதிரையில். நடுவில் மேசை. மேசையில் கேக். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஃபாதரே எழும்பி நின்று பார்த்தார். பூ ஒவ்வொன்றும் ஒரே அளவு.

“பிள்ளையே வெட்டட்டும்” என்றார்.

கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துக் கொடுத்தேன். நேராகப் பிடி என்று மட்டும் சொன்னேன். வெட்டினாள். ரோசா, பச்சை, மஞ்சள். நூல் பிடித்த மாதிரி. முதல் துண்டை ஃபாதருக்குக் கொடுத்தாள், அடுத்ததைத் தாய்க்கு, அடுத்ததை எனக்கு. கடைசியாகத் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய் யன்னலோரம் நின்று சாப்பிட்டாள். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் சாப்பிட்டாள்.

“எப்பிடி?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கு அப்பா.”

நல்லா இருக்கு என்று சொன்னாள். அதை ஃபாதரும் கேட்டார், ஜெசிந்தாவும் கேட்டாள். நீங்களே சொல்லுங்கள், இதில் நான் எங்கே பிழை விட்டேன்? நாலு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். அடுக்கில் பிழை இல்லை. சூட்டில் பிழை இல்லை. மிச்சக் கேக்கை வீடு வீடாகக் கொடுத்தனுப்பினேன், ஒரு துண்டு திரும்பி வரவில்லை. ஆனால் நத்தாருக்குப் பிறகு என்னிடம் ஒருவரும் கேக் கேட்கவும் இல்லை, நானும் போடவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்டது.

ஃபாதர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “நிரோமி, இனி யோசிச்சுச் சொல்லு. ஆருக்காகவும் சொல்லாதை. அப்பாவோட இருந்து இங்க படிக்கப்போறியோ, அம்மாவோட வவுனியாவில படிக்கப்போறியோ?”

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“மன்னார்ச் சிஸ்டர்மாரின்ர விடுதியில அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையளையும் எடுப்பினமோ ஃபாதர்?”

ஃபாதர் என்னைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். “எடுப்பினம்” என்றார். “ஆனா அது அம்மா அப்பா இல்லாத பிள்ளையளுக்கு, மோனை.”

“ஓம்” என்றாள்.

விடுதிக்குப் போகிறேன் என்றாள்.